வியாழக்கிழமைப் படம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
பராத்தாவில் சீஸ் தடவி
சிப்ஸ் பாக்கெட்டை உள்ளங்கையால் நொறுக்கிக் கொட்டிச்
சுருட்டித் தருகிறார்களே,
ரூவியில் அதைவிட நல்ல இரவுச் சாப்பாடு கிடையாது.
பிரியாணிக்காரர்கள் மன்னிக்க.
இசக்கிப்பாண்டி ஒத்துக்கொள்ள மாட்டான்.
அவனுக்கு எதன்மீதும் குழம்பு ஊற்ற வேண்டும்.

அதைக் கடித்துக்கொண்டேதான் ஓடுவோம்
ஒன்பது மணிக் காட்சிக்கு.
கண்ணாடிக் கடை ஷட்டரை இறக்கிய கையோடு,
லென்ஸ் தேய்த்த வெள்ளைத்தூள் சட்டையில் அப்படியே இருக்க.
டிக்கெட் மூன்றரை ரியால்.
மற்ற நாளில் ஒரு டீயைக்கூட
ரூபாயால் பெருக்கிப் பார்க்கும் புத்தி
வியாழக்கிழமை ராத்திரி வாய்ப்பாடு மறந்துவிடும்.

கடைக் கணக்கர் மம்தூஹ் ஒருமுறை கூட வந்தார்.
எகிப்துக்காரர். அவருக்குத் தெரிந்த தமிழ்
வா, போ, சம்பளம் நாளைக்கு.
திரையின் அடியில் ஓடும் அரபியை வாசித்து
காமெடியன் வாய் திறக்குமுன்பே வெடித்துச் சிரித்தார்.
ஹீரோ பஞ்ச் டயலாக்குக்கு மூச்சிழுக்கும்போதே
"யா சலாம்" என்று தொடையைத் தட்டினார்.
மொத்த வரிசையும் திரும்பி முறைத்தது.
நாங்கள் விசிலடித்தபோது
அவர் பாப்கார்னுக்குத் திரும்பியிருந்தார்.
மொழி தெரியாதவன் முந்திக்கொள்வதும்
தெரிந்தவன் காத்துக்கிடப்பதும்
வளைகுடாவில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

முத்தம் வரும் இடத்தில் படம் ஒரு குதி குதிக்கும்.
இப்போதுதான் மழையில் நின்றார்கள்,
அதற்குள் மறுநாள் காலை, காபி, கலைந்த தலை.
"ஏலே, கல்யாணமே முடிஞ்சிட்டு போலுக்கு" என்பான் இசக்கி.
எனக்கு அந்த வெட்டில் குறையொன்றும் இல்லை.
என் விடுமுறையும் அப்படித்தான்:
விமான நிலையத்தில் அவள் முகம்,
ஒரு குதி,
மறுபடி விமான நிலையம்.

அப்பாவின் நெஞ்சுவலி
பதினோரு நாள் கழித்து எனக்குத் தெரிந்தது.
பையனின் முன்பல் உடைந்ததை
அவன் வாய்மூடிச் சிரித்த நாலு போட்டோவுக்குப் பிறகு
நானே கண்டுபிடித்தேன்.
"நீங்க பதறுவீங்கன்னுதான்" என்பாள் முத்தரசி.
ஊர்ச் சேதி எதுவும்
சென்சாராகி, சுபமென்று கார்டு போட்டபின்தான்
என் போனில் ரிலீஸ்.

படம் மட்டும்தான் எனக்கு முதலில்.
ஊரில் வெள்ளிக்கிழமை காலையில்தான் திரை விலகும்.
இங்கே முந்தின ராத்திரியே
நாங்கள் வில்லனைக் கொன்று முடித்திருப்போம்.

அன்றைக்கு நள்ளிரவு, பார்க்கிங்கில்
வியர்வைக் காற்றில் நின்று பேசினேன்.
அங்கே ஒன்றரை மணி. விழித்திருந்தாள்.
"கதையைச் சொல்லிராதீங்க.
ஹீரோ சாவானா மாட்டானா, அதை மட்டும் சொல்லுங்க.
போன தடவை இவன் அழுது காய்ச்சல் வந்துட்டு.
செத்தான்னா கூட்டிட்டுப் போகல."
டிக்கெட் எடுத்தாயிற்றா என்றேன்.
எடுத்து, சட்டையையும் இஸ்திரி போட்டு
தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறானாம்.

மூன்று குண்டு. மழை. ஸ்லோமோஷனில் விழுந்த கூலிங்கிளாஸ்.
(பவர் இல்லாத கண்ணாடி அது, எனக்குத் தெரியாதா.)
கண்ணெதிரே பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.
"இல்லே" என்றேன்,
"நல்லா இருக்கான்."

மறுநாள் மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.
பின்னால் பையனின் விசும்பல்,
ஆட்டோ ஹார்ன், முறுக்கு விற்கிற சத்தம்.
"ஏன் பொய் சொன்னீங்க?"
"பதறுவீங்கன்னுதான்."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஆட்டோ மட்டும் ஓடியது.
நான் ஏதோ ஒரு லென்ஸைத் துடைத்தேன்,
ஏற்கெனவே துடைத்ததைத்தான்.

பிறகு பையன் போனைப் பிடுங்கினான்.
மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்:
"ரெண்டாம் பாகம் வருமாப்பா?
அதுல எந்திரிச்சுருவானா?"

அதை இங்கேயும் இன்னும்
யாரும் பார்க்கவில்லையடா.