ஐந்து நாற்பது

சுரங்கம் திறந்த வாரமே கப்பலை விற்றுவிட்டார்கள்.
கடலுக்கடியில் சாலை ஓட
மேலே கடல் சும்மா கிடந்தது.

தோர்சவுன், மூன்றாம் மாடி,
ஜன்னலில் படுக்கைவாட்டில் மழை.
என் மேசைக்கு வந்தது பட்டியல்:
புதிய தளத்தில் இல்லாத பழைய பக்கங்கள்
எழுநூற்றுப் பன்னிரண்டு.

"எல்லாவற்றையும் முகப்புக்குத் தள்ளிவிடு ரன்வா,
ஒரே வரி, நாலு மணிக்கு வீடு"
என்றான் யால்கிரிம்.
கிடா ஒன்றை அக்கரை சேர்க்க என்ன கட்டணம்
என்று கேட்டு வந்தவனை
வாசலில் நிறுத்தி
நல்வரவு, நல்வரவு என்று சொல்லிக்கொண்டிருப்பதா?
ஒவ்வொன்றாக எழுத உட்கார்ந்தேன்.

கட்டணங்கள், சுங்கச் சாவடிக்கு.
புயல் அறிவிப்பு, சாலை நிலவரத்துக்கு.
தொலைந்த பொருட்கள் நகராட்சி அலமாரிக்கு:
பதினொரு குடை, ஒற்றைக் கையுறைகள்,
யாரும் வந்து கேட்காத ஓர் அக்கார்டியன்.

முந்நூற்றொன்று என்றால்
நிரந்தரமாகக் குடிபெயர்ந்தாயிற்று.
முந்நூற்றிரண்டு என்றால்
இப்போதைக்கு அங்கே, திரும்பி வரலாம்.
மாலுமி வேலைக்கு விண்ணப்பிக்கும் பக்கத்துக்கு
எந்த எண் என்று
காப்பி ஆறும்வரை யோசித்தேன்.
பிறகு நானூற்றுப் பத்து.
போயே போய்விட்டது, இனித் தேடாதே.
என் தம்பி பார்துர் அந்தக் கப்பலின் இரண்டாம் பொறியாளன்.
இப்போது சால்மன் பண்ணையில் வலை பழுதுபார்க்கிறான்.
அவனிடம் நான் இதைச் சொல்லவில்லை.

நடுவில் ஒரு பிசகு.
குளிர்கால நேரங்கள் கோடைக்குப் போ என்றது,
கோடை குளிர்காலத்துக்குப் போ என்றது.
உலாவி இருபது முறை ஓடி
மூச்சிரைத்து நின்றது.
"நம் ஊர் வானிலையேதான்" என்றான் யால்கிரிம்.

வெள்ளிக்கிழமை முடித்தேன்.
கிடைக்காத பக்கம் ஒன்றுகூட இல்லை.

திங்கட்கிழமை தொலைபேசி.
பழைய படகுத்துறைக் காத்திருப்பு அறையைத்
துடைக்கிற ஒத்வோர்.
"என் வெளிச்சத்தை என்ன செய்தீர்கள்?"

புரியவில்லை எனக்கு.
அறையின் விளக்கு இணைப்பைத்
துண்டித்துவிட்டார்களாம்.
நேரம் காட்டும் திரையை மட்டும்
மறந்துபோனார்கள்.
விடியாத ஐந்து நாற்பதுக்கு
அவள் திரையைப் போடுவாள்,
அது ஞாயிறு அட்டவணையைத் தேடும்,
கிடைக்காது,
பக்கம் இல்லை என்று இரண்டே சொல்லை
மூலையில் எழுதிவிட்டு
மிச்சமெல்லாம் வெள்ளையாக நிற்கும்.
அந்த வெள்ளையில்தான்
குளிர்காலம் முழுக்கத் தரை துடைத்தாள்.

என் திருத்தத்துக்குப் பிறகு
திரை சுரங்கத்தைக் காட்டுகிறது,
அழகான கருநீலம்.
"இன்று வாளியில் கால் விட்டேன்" என்றாள்.

பதிவேட்டைத் திறந்தேன்.
நவம்பரிலிருந்து தினமும் ஐந்து நாற்பது,
அதே முகவரி, அதே இல்லை.
ஏதோ எந்திரம் என்று
அன்று தாண்டிப்போனது நினைவிருக்கிறது.

எழுநூற்றுப் பன்னிரண்டில்
ஒரு வரியை அழித்தேன்.
பக்கத்தில் குறிப்பு:
இது தொலைந்தே இருக்கட்டும்.

மாத அறிக்கையோடு வந்து நிற்கிறான் யால்கிரிம்.
"ஒன்று விட்டுப்போச்சே, சரிபண்ணவா?"
துப்புரவு ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது.
ஜூனில் இங்கே இரவே கிடையாது.
அப்புறம் பார்ப்போம் என்றேன்.