பாதி விலை

டிரம்மரைத் துரத்திவிட்டு
ஒரு பெட்டியைத் தட்டவிட்டார்கள் என்று
டெஸ்மண்ட் அந்தக் கேசட்டை
சர்ச் ஸ்ட்ரீட் கடையிலேயே திருப்பிப்போட்டான்.
பாதி விலைக்கு நான் எடுத்தேன்.

மர்ஃபி டவுனில் ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை.
கிடாருக்குக் கருமாதி என்றான் ஜெயசீலன்.
லண்டன்காரனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு என்று
அவர்கள் படம் போட்ட பனியனால்
பைக் துடைத்தான்.

எனக்கு அப்போது பீன்யாவில் நைட் ஷிப்ட்.
முப்பது டன் பிரஸ்
விநாடிக்கு ஒருமுறை இறங்கும்,
வாஷர் வாஷராய் உதிரும்.
அந்தப் பெட்டியின் அடியும் அப்படித்தான்.
களைக்காது, கோபிக்காது.
பாடுகிறவன்தான் நடுவில் மூச்சு வாங்குகிறான்.
இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு,
குரல் உடைகிற இடம்:
அழிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

வரிகளில் பாதி இன்றும் பிடிபடவில்லை.
மழை என்ற சொல் மட்டும் நாலு தடவை வரும்.
விடியற்காலை கம்பெனி பஸ்ஸில்
கொரகுண்டேபாளையா தாண்டும்வரை
அது போதுமாயிருந்தது.

ஆறாவது பாட்டு குப்பை.
நானே ஒத்துக்கொள்கிறேன்.
குழந்தைகள் கோரஸ் வேறு.
ஆனாலும் ஓட்டிவிடுவதில்லை.
பந்தியில் உட்கார்ந்தவரில்
ஒருத்தரை மட்டும் எழுப்ப முடியுமா?

போன மாதம் டெஸ்மண்ட் பெர்த்திலிருந்து வந்திருந்தான்.
ஓசூர் ரோடு நெரிசல்.
என் காரில் அதுதான் ஓடியது.
சில்க் போர்டு வரை ஒன்றும் பேசவில்லை.
பிறகு கையை நீட்டிச்
சத்தத்தைக் குறைத்தான்.

குறைத்தானே தவிர
நிறுத்தவில்லை.