போட்டி அலசுகிறவளின் வயிறு

நெல்பேட்டையில் விடிவதற்குள்
மூன்று ஆட்டு வயிறு என் பக்கம் தள்ளப்படும்.
தோலும் தொடையும் அபுதாகிருக்கு.
உள்ளே உள்ளதெல்லாம் ஒச்சம்மாளுக்கு.

முதலில் கைக்கு வருவது வலை.
வெள்ளைக் கொழுப்பு நூலோடிய மெல்லிசுத் துணி.
தூக்கிப் பிடித்தால்
அந்தப் பக்கம் டீக்கடை பல்பு தெரியும்.
குடலுக்கு மேல் முந்தானையாக விழுந்து கிடப்பதை
ஒரே இழுப்பில் உருவிக்
காக்காய்க்கு எறிவேன்.
பதினெட்டு வருஷம்.

அப்புறம்தான் மற்றது.
பூந்துவாலை மாதிரி ஒரு பை, தேன்கூடாக ஒன்று,
ஏடு ஏடாகப் புரளும் ஒன்று.
ஈரலடியில் பச்சையாகப் பித்தம்,
உடைந்தால் ஈரலும் கசக்கும், அபுதாகிர் வாயும் கசக்கும்.
பையின் பக்கத்தில் சுவரொட்டி.
இந்த ஊரில் சுவரொட்டி இரண்டு:
ஒன்று காதுகுத்துக்கு,
ஒன்று பிள்ளை பெற்றவளுக்கு ரத்தம் ஊற.
முதலாவதைத் தின்ற ஆடுகள்தான்
இரண்டாவதோடு எனக்கு வரும்.
அலசும்போது பையிலிருந்து
யாரோ ஒரு மாப்பிள்ளையின் அரைமீசை மிதக்கும்.

ஆவணியில் எனக்கு வலித்தது.
தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து
வலது பக்கம் இறங்கி உட்கார்ந்தது.
ஓமத் தண்ணீர் குடித்தேன்.
ராத்திரி சட்டென்று வலி விட்டது,
சாமி புண்ணியம் என்று படுத்தேன்.
விடியும்போது வயிறு பலகை.

பெரியாஸ்பத்திரியில் கண் விழித்த மறுநாள்
மருந்துச் சீட்டின் பின்பக்கம்
டாக்டர் சுகிர்தா படம் போட்டார்.
"வயித்துக்குள்ள ரெண்டு மடிப்பா ஒரு சவ்வு இருக்கும்மா,
சுவத்துல ஒண்ணு, குடலைச் சுத்தி ஒண்ணு,
நடுவுல கொஞ்சூண்டு ஈரம். அதுலதான் எல்லாம் வழுக்குது."
குடல் முதுகோடு சேருமிடம் ஒரு சாண்தானாம்.
அந்த ஒரு சாண் செருகலிலிருந்து
இருபதடிக் குடலும் கொசுவமாக விரிகிறது.
எண் சாண் உடம்பில் அது எந்தச் சாண் என்று
அன்றைக்குத்தான் கண்டேன்.
கொசுவம் மட்டும் எனக்குத் தெரியும்,
தினமும் அறுக்கிறேன்.
சொல்லவில்லை.

"குடல்வால் வெடிச்சிருச்சு.
ஆனா முன்னாடி தொங்குற கொழுப்புத் திரை
நகந்து போய் அந்த ஓட்டையைச் சுத்திப் பிடிச்சிருந்துச்சு.
இல்லேன்னா சீழ் வயிறு பூராம் பரவியிருக்கும்."
வலையா, என்று கேட்டேன்.
அவருக்குப் புரியவில்லை.

கை பட்ட குடல் கோபித்துக்கொள்ளுமாம்.
நாலு நாள் அசையவில்லை, ஒரு முணுமுணுப்பும் இல்லை.
குழல் வைத்துக் கேட்டுக் கேட்டுப் போனார்கள்.
"காத்து பிரிஞ்சுச்சா?"
நர்சு கேட்டாள், கூட்டுகிறவள் கேட்டாள்,
பக்கத்துக் கட்டில் உசிலம்பட்டிக்காரி
தன் கல்லடைப்பை விட்டுவிட்டு என்னைக் கேட்டாள்.
ஐந்தாம் நாள் மத்தியானம்
வார்டுக்கே கேட்கிற மாதிரி பிரிந்தது.
கைதட்டினார்கள். நானும் சிரித்தேன்,
தையல் இழுத்தது.

ஐப்பசி கடைசியில் திரும்ப வந்து உட்கார்ந்தேன்.
சில ஆட்டில் வலை லேசில் வராது.
ஓரிடத்தில் சுருண்டு ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கும்.
சனியன் என்று திட்டிப் பிய்த்திருக்கிறேன்,
எத்தனையோ தடவை.
இன்று வந்ததும் அப்படித்தான்.
இழுக்காமல் நகத்தால் நெம்பிப் பார்த்தேன்:
நடுவில் துருப்பிடித்த கம்பி, விரல்கடை நீளம்.
கொழுப்பு அதைப் பொட்டலம் கட்டி வைத்திருந்தது.

"என்னத்தா, அங்க தேடுற? கடைக்கு ஆள் வந்தாச்சு."
கம்பியைத் தூணோரம் வைத்தேன்.
காக்காய் ஓட்டின் மேல் உட்கார்ந்து
தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
வலை என் உள்ளங்கையில்
இன்னும் சூடு.