மடக்கு நாற்காலி

வாசலில் நின்று கேட்பதுதான் முறை.
கவுன்டரில் சரி என்றாலும்,
கணினி சரி என்றாலும்,
கேப்டன் 'வாங்க' என்றால்தான்
அந்த நாற்காலி விரியும்.

மினியாப்பொலிஸ். பிப்ரவரி. இரவு ஒன்பது நாற்பது.
இறக்கையில் பனி கரைக்கும் திரவத்துக்குக் காத்திருக்கிறோம்.
தொப்பியெல்லாம் வெண்தூளாக ஒரு பெண்,
கையில் அடையாள அட்டை,
கேபின் ஆட்களுக்கென்று ஒரு பெட்டி பாதாம் மிட்டாய்.
"டோர்டிஸ் எக்லண்ட். சென்டரில் கன்ட்ரோலர்.
பில்லிங்ஸ் வரை…"

இதைக் கேட்கும் எந்தக் குரலிலும்
கொஞ்சம் கூச்சம் இருக்கும்.
இருபதாயிரம் மணி நேரம் பறந்தவரும்
இந்த வாசலில்
கைமாற்றுக் கேட்க வந்தவர்போல்தான் நிற்பார்.
லூயிவில்லில் ஒரு டிசம்பர், நானும் நின்றேன்.
முகம் பார்க்காமலே இல்லையென்று தலையசைத்தார் ஒருவர்.
என் கண்ணெதிரே பின்னால் நகர்ந்து போயிற்று
விமானமும், உள்ளே
யாரும் உட்காராத அந்த நாற்காலியும்.

அன்றிலிருந்து நான் யாரையும் கேட்டு முடிக்க விடுவதில்லை.
"வாங்க வாங்க. காலணியில் பனி இருந்தால் இருக்கட்டும்."

துணை விமானி ராய்ஸ் சுவரிலிருந்து நாற்காலியை இழுக்கிறான்.
முட்டியில் இடிக்கும், முதுகைச் சாய விடாது,
சொகுசென்று இதுவரை யாரும் சொன்னதில்லை.
பட்டைகள் நான்கு. ஆக்ஸிஜன் முகமூடி இங்கே.
ஜன்னல் வழியே இறங்கக் கயிறு இங்கே.
பத்தாயிரம் அடிவரை பேச்சு கிடையாது,
ஆனால் தப்பாக எதைப் பார்த்தாலும் சொல்லிவிடுங்கள்.
ஓட்டுவது இருவர்தான், இன்று கண்கள் ஆறு.

பத்தாயிரம் தாண்டியதும் அவர்தான் முதலில் பேசினார்.
"உங்கள் குரல் எனக்குத் தெரியும்.
நாலு வருஷம் முன்னால். ஜேம்ஸ்டவுனுக்கு மேலே. புகை."
ராய்ஸ் திரும்பிப் பார்த்தான்.
அவனிடம் நான் சொன்னதில்லை.

"விமானத்தில் எத்தனை உயிர் என்று
கேட்டது நான்தான்.
எழுபத்தொன்று என்றீர்கள். எழுதிக்கொண்டேன்.
மறுநாள் அறிக்கையில் எழுபத்திரண்டு.
அந்த ஒன்று யாரென்று
பல் துலக்கும்போதுகூட யோசித்திருக்கிறேன்."

பயணிகளை எண்ணியிருந்தேன்.
பணியாளர்களை எண்ணியிருந்தேன். என்னையும்தான்.
என் தோளுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில்,
டார்ச்சைப் பிடித்துக்கொண்டு
புகைக்குள் வரிவரியாகச் செக்லிஸ்ட் படித்த
மனிதரை விட்டுவிட்டேன்.
வேறு கம்பெனிக்காரர். வேலை முடிந்து வீட்டுக்குப் போனவர்.
அவர் குரல் என் காதுக்குள்ளேயே இருந்ததால்
தனியாக எண்ணத் தோன்றவில்லையோ என்னவோ.
இது எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம்.

"பேர் என்ன?"
"ஓரன் பஃபிங்டன். இப்போது சரக்கு விமானம் ஓட்டுகிறார்.
நீங்கள் இருக்கும் இடத்தில்தான் இருந்தார்."

என் முன்னால் செருகியிருந்த தாளை அவர் எட்டிப் பார்த்தார்.
அச்சில் அறுபத்தெட்டு.
பக்கத்தில், பேனாவால், கூட்டல் ஒன்று.
ஒன்றும் சொல்லவில்லை.
பட்டையை மட்டும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

வடக்கு டகோட்டா. கீழே ஒரு பண்ணை விளக்கு,
அப்புறம் நெடுநேரம் இருட்டு,
அப்புறம் இன்னொன்று.
பதினாறு வருஷமாக அவர் காவல் காத்த வானம்.
"இவ்வளவு பெரிசா?" என்றார்.
"திரையில் என் உள்ளங்கை அகலம்தான்."

வானொலியில் அவருடைய சகா ஒருவன்
கொட்டாவியை மென்று விழுங்கிக்கொண்டு
எங்களைச் சால்ட் லேக்கிடம் ஒப்படைத்தான்.
ராய்ஸ் பதில் சொன்னான்.
பின்னாலிருந்து, எந்தப் பொத்தானையும் அழுத்தாமல்,
"குட் நைட், லைல்" என்றது ஒரு குரல்.

பில்லிங்ஸில் எஞ்சின் அணைந்தது.
எழுந்து நாற்காலியை மடக்கப் பார்த்தார், தாழ் சிக்கிக்கொண்டது.
அவர் தள்ள, ராய்ஸ் இழுக்க,
நான் காலால் ஒரு உதை விட்டேன்.
வெளியே பயணிகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.
நாங்கள் மூவரும் இன்னும் உள்ளே.