தலையைக் கழற்றும் சட்டம்

கப்பலின் மூக்கில் ஒரு தலை இருக்குமாம்,
வாய் பிளந்து, பல் தெரிய.
சொந்தக் கரை கண்ணில் பட்டதும்
அதைக் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டுமாம்.
இல்லாவிட்டால் நிலத்திலிருக்கும் காவல்கள்
வெருண்டு ஓடிவிடும்.
அவர்கள் பக்கத்துப் பழைய சட்டம் என்றான் ஸ்டைனார்,
ஒன்பதரைத் தேநீருக்கு.
அரைவாசியைத் தயாநிதி மொழிபெயர்த்தாள்,
மீதியை அவன் கையால் காட்டினான்.

நாங்கள் ஆறு பெண்கள்.
கருவேலங்கண்டலுக்குக் கிழக்கே, குளக்கட்டுக்கு இப்பால்.
ஒரு மீட்டர் அகலம் எனக்கு,
ஒரு மீட்டர் யோகமங்களத்துக்கு.
மழை பெய்தால் அதுவுமில்லை.

அவன் முன்கையில் பச்சை குத்தியிருக்கிறது ஒன்று:
தன்னைத் தானே சுற்றி முடிச்சாகி
தலை எது வால் எது என்று பிடிபடாமல்.
'நாகதம்பிரானோ?' என்றாள் யோகமங்களம்,
புதூருக்கு நேர்த்தி வைத்தவள்.
இல்லை, இதற்கு யாரும் பால் வைப்பதில்லை.
அவர்களுடைய பழம்பேச்சில்
புழுவுக்கும் இதற்கும் பெயர் ஒன்றுதானாம்.
உலகத்தைத் தாங்கும் மரத்தின் வேரைக்
கீழே கிடந்து கடிக்கிறதாம்,
இடையிடையே செத்தவர்களையும்.
உச்சியில் ஒரு கழுகு.
இரண்டுக்கும் நடுவே ஓர் அணில்
மேலே பேசிய வசவைக் கீழும்
கீழே பேசியதை மேலும் கொண்டு திரிகிறது.

அணிலோ, என்று சிரித்தோம்.
எங்கள் அணில் பாலத்துக்கு மண் சுமந்ததல்லவா.
பிறகு யாரோ மெல்லச் சொன்னாள்:
'அந்த அணிலும் எங்களிட்ட இருந்தது.
முகாமில. கம்பிக்கு இங்காலயும் அங்காலயும்.'
சிரிப்பு நின்றது.

பத்தேகாலுக்கு முகமூடியை இறக்கினேன்.
பாலை மரத்தின் வேரோடு ஓடியது என் பாதை.
கருவி கத்தியது.
மண்ணை விரலளவு விரலளவாகச் சீவினேன்.
இதற்குப் பசியில்லை, செதிலில்லை.
நெருப்பைத் தொண்டையில் அல்ல,
வயிற்றில் வைத்திருக்கிறது.
புதைத்தவன் இந்த இடத்தை மறந்திருப்பான்.
இது ஒன்றையும் மறக்கவில்லை.

ஒன்று. இரண்டு. நான்கு, அரைவட்டமாக.
வட்டத்துக்குள்ளே, வேரின் கக்கத்தில்
ஒரு பால்மா டின்.

விசில். எல்லோரும் வெளியே.
நான்கையும் முடித்து, இரண்டு மணிக்குப் பிறகுதான்
மூடியைக் கிளப்பினேன்.
பொலித்தீனுக்குள் சீலைத்துண்டு, அதற்குள்
ஒரு சோடித் தோடு,
அறுந்த கொடி,
மை கரைந்த அடகுச்சீட்டு.

ஸ்டைனார் குந்தியிருந்து இன்னொன்று சொன்னான்.
ஃபாஃப்னிர் முதலில் மனிதன்தான்.
தகப்பனைக் கொன்று பொன்னைக் கொண்டுபோய்
மேலே படுத்தான்.
படுத்துப் படுத்தே அதுவாகிப் போனான்.

'இதைப் புதைச்சவள் படுக்கேல்லையே,' என்றாள் யோகமங்களம்.
'பிள்ளையையும் பானையையும் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள்.'
ஆம். அவள் போன பிறகு
யாரோ வந்து வரிசை வைத்திருக்கிறான்,
டின்னைப் பற்றி ஒன்றும் அறியாமல்.
எதைக் காக்கிறோம் என்று தெரியாமலே
பத்து வருடக் காவல்.

மூடியின் விளிம்பு விரலை வெட்டியிருந்தது.
பழக்கத்தில் வாயில் வைத்தேன்.
அவன் நிமிர்ந்து பார்த்தான்:
கதையில் அந்த மிருகத்தின் இரத்தம் நாக்கில் பட்டவனுக்குப்
பறவை பேசுவது விளங்குமாம்.
இது என் இரத்தம்தானே என்றேன்.
என்றாலும் ஆறு பேரும் பேசாமல் நின்றோம்.
குளத்துப் பக்கம் ஆட்காட்டி கத்தியது.
எப்போதும் விளங்குவதுதான் விளங்கியது:
ஆள் வருகுது, ஆள்.

டின் படிவத்தோடு பொலிசுக்குப் போனது.
சீட்டில் பெயரின் வால் மட்டும் மிச்சம்: '...மலர்'.
எங்களில் மூன்று பேருக்கு அப்படித்தான் முடிகிறது.

நாலரைக்கு முகமூடியைக் கழற்றினேன்.
வழமையாகக் கழுவ வீட்டுக்குக் கொண்டுபோவேன்.
அன்று லொறியிலேயே விட்டுவிட்டு
ஒழுங்கைக்குள் வெறுமுகத்தோடு நடந்தேன்.
வெருளக்கூடிய ஏதும் இன்னும் அங்கே
இருக்கிறதோ என்னவோ.
இருந்தால் இருக்கட்டும் என்றுதான்.