டன்னுக்குத் தொண்ணூறு மில்லி

தம்மாம், இரண்டாம் தொழிற்பேட்டை.
வெளியே நாற்பத்தேழு டிகிரி, உள்ளே எட்டு.
பத்தானால் கிழங்கு கண் திறக்கும்.
நாலானால் மாவு சர்க்கரையாகி
எண்ணெய்ச் சட்டியில் கறுத்துப்போகும்.
ஆகவே எட்டு.
மீதிக்குப் புதினா.

ஹாயிலிலிருந்து வந்த அறுநூறு டன்
மரப்பெட்டிகளில் கூரைவரை ஏறி நிற்கிறது.
பழைய மருந்து வேண்டாம் என்றார்கள் வாங்குகிறவர்கள்.
வந்து சேர்ந்தது இந்த நீல டிரம்,
பக்கத்தில் ஒரு சின்ன கேன் கிராம்பு எண்ணெய்.

புகைக்குழல் சூடேறி இருமுகிறது.
வெள்ளைப்புகை வாசலைத் தொடுமுன்
கதவை இழுத்துச் சாத்துகிறேன்.
இரண்டு நாள் யாரும் நுழையக் கூடாது.
இருட்டில்
ஒவ்வொரு கண்ணிலும் முளையின் நுனி
மெல்லக் கருகும்.
சாகாது.
மூன்று வாரத்தில் மறுபடி கேட்கும்,
மறுபடி சொல்ல வேண்டும்: இப்போது இல்லை.

இக்காமா கவுண்டரில் எனக்கும்
இதே பதில்தான்,
வாசனை கிடையாது.

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்குப் போட்டி.
"மிட்டாய்க் கடை ஏறிருச்சு" என்பார் இதயதுல்லா.

போன வியாழன் இரவு தன்பகதூர் வந்தான்,
வலது கன்னம் ஒரு கிழங்கு அளவு.
கிளினிக் ஞாயிறுதான் திறக்கும்.
ஒன்றும் பேசாமல்
கேனைக் காட்டினான்.
மில்லி மில்லியாய்க் கணக்கெழுதுகிறவர் ரவூஃப்,
எகிப்துக்காரர், சொட்டுக்கும் கையெழுத்து கேட்பார்.
மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்ததை மட்டும்
பஞ்சில் தொட்டுக் கொடுத்தேன்.
கடைவாயில் வைத்துக் கடித்தான்.
கண்ணில் நீர் முட்டியது,
அப்புறம் முகம் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு
தூங்கப் போனது.

சனிக்கிழமை கதவைத் திறந்தோம்.
பன்னிரண்டாம் வரிசை, கடைசிப் பெட்டி:
விரல் நீளத்துக்கு வெளுத்த முளைகள்,
அத்தனையும் கதவிடுக்கு வெளிச்சம் பார்த்து.

ரவூஃப் முளையைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
ஃபோர்க்லிஃப்டில் இருந்த
தன்பகதூரின் கன்னத்தைப் பார்த்தார்.
"ஃபேன் ஓடலை" என்றேன்.
உண்மைதான். அண்ணாந்து பார்த்தால் தெரியும்,
இறக்கைமேல் தூசி அப்படியே இருந்தது.

ஃபேன் என்று எழுதினார்.
பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.
சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு
வாயை அகலத் திறந்து
கீழ்வரிசையில் ஒரு பல்லைத் தொட்டுக் காட்டினார்.

"அந்த மூடி
இன்னும் கழுவலையே?"