இரண்டாவது சுவிட்ச்

செல்லூரில் நாங்கள் குடிவந்த வீட்டில்
ஒரே சுவிட்சுக்கு இரண்டு டியூப்லைட்.
முன்னறையும் அடுப்படியும்
சேர்ந்தே விழிக்கும், சேர்ந்தே அணையும்.

பன்னிரண்டு வரை விடைத்தாள் திருத்துகிறவள் நான்;
முகத்தில் ஈரிழைத் துண்டைப் போட்டுக்கொண்டு
படுத்திருப்பார் இவர்.
மூன்று மணிக்கு எழுந்து
மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போகவேண்டும்.
லைட்டைப் போட்டால் நான் விழித்துவிடுவேன்.
போடாவிட்டால் ஏனம் உருளும்,
அதற்கும் விழித்துவிடுவேன்.
ஆறு வருசச் சண்டையில் பாதி இதற்குத்தான்.

"உங்க செலவுன்னா செஞ்சுக்கங்க" என்றார் வீட்டுக்காரர்.

பாண்டீஸ்வரி ஸ்கூட்டியில் வந்தாள்.
மெயினை அணைத்தாள்.
விசிறி நின்ற சித்திரை வெயிலில்
அரிசி டிரம் மேல் ஏறி
ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து
பல்லி முட்டை ஓடுகளை ஊதித் தள்ளினாள்.
"பேஸை மட்டும் பிரிச்சாப் போதும்க்கா.
நியூட்ரல் ரெண்டுக்கும் ஒண்ணே இருக்கட்டும்."
குழாய் வளைவில் மஞ்சள் வயர் முரண்டு பிடித்தது.
பாப்பாவின் பவுடரைப் பூசி
ஆளுக்கொரு முனையில் இழுத்தோம்.
கூலி நானூற்றைம்பது.
அடுப்படிக்கு இனித் தனிச் சுவிட்ச்.

இன்று மூன்று மணிக்குத்
தானாகவே விழிப்பு வந்தது.
அடுப்படியில் லைட் இல்லை.
கேஸின் நீலத்தில் டீ கொதித்துக்கொண்டிருக்க
வழக்கம்போல் சுவரைத் தடவித் தடவி
ஏனம் உருளாமல் நடக்கிறார்,
சட்டையை உள்பக்கம் வெளியே போட்டுக்கொண்டு.

எழுந்து போய்ப்
புதுச் சுவிட்சைத் தட்டினேன்.
இரண்டு பேருக்கும் கண் கூசியது.

"தையல் வெளியே தெரியுது" என்றேன்.